கல்மண்டபத்து டாங்கோ விருந்து

1

எங்கள் தெருக்கோடி ரொட்டிக்கடைக்காரருக்குப் போன சனிக்கிழமையோடு கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். அதைக் கொண்டாட, டாங்கோ ஆட்டத்தோடு சாப்பாடு போடும் ஒரு விடுதிக்கு எங்கள் தெருவையே அழைத்துப் போனார். நான் அர்ஜென்டினாவுக்கு வந்து இருபது வருஷமாகிறது. ரொஸாரியோ என்கிற இந்தத் துறைமுக ஊரில்தான் முழுக்க இருந்திருக்கிறேன். ஆனாலும் வெளியூர்க்காரனிடம் கேட்கிற மாதிரி ரொட்டிக்கடைக்காரரின் மச்சினி என்னிடம் உபசாரமாகக் கேட்டாள்: "செவெரீனோ, நீ இதற்கு முன்னால் டாங்கோ விருந்துக்குப் போயிருக்கிறாயா?"

"ஒரே ஒரு தடவை."

"எங்கே? தலைநகரத்திலா?"

"ராயபுரத்தில். கல்மண்டபம் பக்கத்தில்."

"அது எந்த மாகாணம்?" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் மார்த்தாவுக்குச் சிரிப்பு வந்து, குடித்துக்கொண்டிருந்த எலுமிச்சைத் தண்ணீர் மூக்கு வழியாக வந்துவிட்டது. நான் எவ்வளவோ விளக்கினேன். யாருக்கும் புரியவில்லை. இங்கே டாங்கோ தெரியாதவர் இல்லை, கல்மண்டபம் தெரிந்தவர் இல்லை. உங்களுக்கோ கல்மண்டபம் தெரியும். பாதி தெரிந்தவர்களிடம் சொன்னால் மீதி சுலபம் என்று உங்களுக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

டாங்கோவைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடுவது. கால்கள் கத்தரிக்கோல் மாதிரி வேலை செய்யும். முகம் மட்டும் ஹைகோர்ட்டில் சொத்து வழக்குத் தோற்றுவிட்டு வெளியே வந்தவன் முகம் மாதிரி இருக்கும். சிரிக்கவே கூடாது. கூட அழுகிற மாதிரி ஒரு துருத்திப் பெட்டி வாசிப்பார்கள். அவ்வளவுதான்.

2

நான் இங்கே குடியேற வந்தவன் இல்லை. உலகச் சண்டை ஆரம்பித்த வருஷம், கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற வேலையில் இருந்தேன். ரொஸாரியோவில் கப்பல் கோதுமை ஏற்றிக்கொண்டிருந்தபோது எனக்கு வயிற்றில் குடல்வால் வீங்கி, ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். நான் கண் விழித்தபோது குடல்வாலும் போயிருந்தது, கப்பலும் போயிருந்தது.

பதிவு ஆபீஸில் குமாஸ்தா பெயர் கேட்டார். சவரிமுத்து என்றேன். இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை சொன்னேன். அவர் பேனாவை மையில் தோய்த்து 'செவெரீனோ மூதோ' என்று எழுதி முத்திரை குத்திவிட்டார். இந்த ஊர் பாஷையில் மூதோ என்றால் ஊமை என்பது எட்டு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மாற்ற முடியுமா என்று போய்க் கேட்டேன். "நீ பேசுவதைப் பார்த்தால் தப்பாக எழுதின மாதிரி தெரியவில்லையே" என்று அதே குமாஸ்தா சொன்னார். அப்போது எனக்கு ஸ்பானிஷ் வார்த்தை மொத்தம் முப்பதுதான் தெரியும்.

பிறகு துறைமுகத்தில் தானியக் கிடங்கில் வேலை கிடைத்தது. இந்த ஊர்ப் பெண் தெலியாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டேன். மார்த்தா பிறந்தாள். பிரஜா உரிமையும் வாங்கினேன். ஆனால் டாங்கோ மட்டும் பார்த்ததில்லை. என் மாமனார் டாங்கோ ஆடுகிறவர்கள் நேரே நரகத்துக்குப் போவார்கள் என்று நம்பினவர். அவர் வீட்டிலேயே, அவர் மாதா கோவிலுக்குப் போயிருக்கும் நேரத்தில், சமையலறையில் அவருடைய மூன்று பெண்களும் ஆடிக்கொண்டிருந்தார்கள். மார்த்தா அங்கேதான் கற்றுக்கொண்டாள். இதுவும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எங்கள் வீட்டில் எல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

நான் அவளுக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கவில்லை. வேலைக்குப் போகிறபோது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள், வருகிறபோது எனக்குத் தூக்கம் வரும். நடுவில் கிடைத்த நேரத்தில் அவளுக்குப் போய்ச் சேர்ந்தவை மூன்று வார்த்தைகள்: சோறு, வா, சும்மா. 'சும்மா' என்பதற்கு அர்த்தம் கேட்டாள். சொல்லிப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு அவள் தமிழில் எதற்கும் அர்த்தம் கேட்பதில்லை.

3

போன வருஷம் ஊருக்கு வந்தோம். தெலியாவின் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டதால் தெலியா வரவில்லை. நானும் மார்த்தாவும் மூன்று கப்பல் மாறி மதராஸில் இறங்கினோம். மார்த்தாவுக்கு அப்போது பதினாறு முடிந்து இரண்டு மாதம். வழியெல்லாம் என்னோடு அவள் பேசினதைவிட பெருமூச்சு விட்டதுதான் அதிகம்.

சுங்கத்தில் என் பெட்டியைத் திறந்ததும் ஒரு பொட்டலம் பச்சை இலைத்தூள் வந்தது. இந்த நாட்டில் எல்லாரும் காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் உறிஞ்சுகிற மாத்தே என்கிற இலை அது. அதிகாரி மோந்து பார்த்தார்.

"இன்னாய்யா இது? கஞ்சாவா?"

"டீ மாதிரி சார்."

"டீ மாதிரின்னா டீ இல்லதானே?"

கடைசியில் அங்கேயே வெந்நீர் வரவழைத்து, சுரைக்குடுவையில் இலையைப் போட்டு, வெள்ளிக் குழாயால் உறிஞ்சிக் காட்டினேன். நான் மயங்கி விழுகிறேனா என்று கால் மணி நேரம் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். விழவில்லை. ஏமாற்றத்தோடு விட்டுவிட்டார்கள்.

அடுத்தது அயல்நாட்டார் பதிவு. பதினாறு வயதுக்குக் கீழே இருந்தால் பதிய வேண்டாமாம். இரண்டு மாதத்தில் மார்த்தா மாட்டிக்கொண்டாள். நானும் அயல்நாட்டான் என்பதால் எனக்கும் பதிவு. சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் பெரிய லெட்ஜரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர், ஆனால் எதையும் இரண்டு தடவை கேட்பவர்.

"எந்த தேசம்?"

"அர்ஜென்டினா சார்."

"பிறந்த ஊர்?"

"ராயபுரம்."

"அர்ஜென்டினாவில ராயபுரம் இருக்கா?"

"இல்ல சார். நம்ம ராயபுரம்."

"நம்ம ராயபுரமா? அப்ப நீங்க எப்படி அயல்நாட்டார்?"

குடல்வாலிலிருந்து ஆரம்பித்தேன். முழுக்கக் கேட்டார். பிறகு லெட்ஜரில் அர்ஜென்டினாவுக்கென்று ஒரு புதுப் பக்கம் திறந்து, தலைப்புக்குக் கீழே கோடு போட்டு, எங்கள் இரண்டு பெயரையும் எழுதினார். "இந்தப் பட்டணத்துக்கே நீங்க ரெண்டு பேர்தான் அர்ஜென்டினா" என்றார். அவருக்கு அதில் ஒரு பெருமை இருந்த மாதிரி பட்டது.

தங்கினது என் தங்கை பிலோமினா வீட்டில், கல்மண்டபத்துக்குப் பின்னால். முதல் வாரம் மார்த்தா அறையை விட்டு வெளியே வரவில்லை. மீன் நாற்றம் என்றாள், கொசு என்றாள், எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள் என்றாள். இரண்டாவது வாரம் பிலோமினாவோடு தெருக் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். மூன்றாவது வாரம் தனியாகவே போனாள். அங்கே என்ன பேசினாள், யாரோடு பேசினாள் என்று நான் கேட்கவில்லை. என்னைப் பொறுத்தவரை அவளுக்குத் தமிழ் மூன்று வார்த்தைதான்.

4

பிலோமினாவின் புருஷன் ஆரோக்கியம் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற கணக்கர். தங்கமான ஆள். ஆனால் வாயைத் திறந்தால் உதார். நான் ஊரில் இல்லாத பத்தொன்பது வருஷத்தில் அவர் என்னைப் பற்றி என்னென்ன சொல்லி வைத்திருந்தார் என்பது, தெருவில் போகிறவர்கள் எனக்கு வைத்த வணக்கத்திலிருந்து தெரிந்தது.

ஒரு நாள் சாயந்திரம் கையில் ஒரு நோட்டீஸோடு ஓடிவந்தார்.

"மச்சான்! இத்த பாத்தியா? உங்க ஊரு டான்ஸு நம்ம ஊருக்கே வந்துகீது!"

நோட்டீஸில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'நேரே அர்ஜென்டினாவிலிருந்து! டான் ரொடோல்ஃபோ - ஸென்யோரீட்டா கார்மென் ஜோடியின் டாங்கோ நடனம். உயர்தர டின்னர் உண்டு. மாலை சரியாக ஆறு மணி.' ஆறு மணிக்கு டின்னர் ஏன் என்று கேட்டேன். எண்ணூருக்குப் போகிறவர்கள் ரயிலைப் பிடிக்க வேண்டுமாம்.

"நமக்கு மொதோ வரிசை" என்றார் ஆரோக்கியம். "சும்மாவே குட்த்துட்டாங்கோ. நீ யாருன்னு சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"அர்ஜென்டினாவுல பாதி பேருக்கு டாங்கோ சொல்லிக் குட்த்ததே எம் மச்சான்தான்னு சொன்னேன்."

"ஆரோக்கியம், நான் டாங்கோ பார்த்ததுகூட இல்ல!"

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அத்த ஏன் மச்சான் வெளிய சொல்லிக்கினு கீற? குந்தி கைத்தட்டினு வா. யாருக்குத் தெரியப் போவுது?"

ஸ்பானிஷ் பேசுகிற இரண்டு ஜீவன்களை ராயபுரத்தில் பார்க்கப் போகிறோம் என்பதில் மார்த்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவளாகவே தலை வாரிக்கொண்டாள்.

5

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் கல்யாணங்களுக்கு விடுகிற ஒரு மண்டபம். மணவறை போடுகிற மேடையில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். மேசைக்கு மேசை மிளகுத்தண்ணி சூப் வந்தது. பிறகு 'டாங்கோ கட்லெட்' வந்தது. உருளைக்கிழங்கு கட்லெட்தான், மேலே ஒரு செர்ரி வைத்திருந்தது. துருத்திப் பெட்டி கிடைக்காததால் கோவிலில் ஜெபப் பாட்டுக்கு ஹார்மோனியம் வாசிக்கிறவரை உட்கார வைத்திருந்தார்கள். அவர் எந்த டாங்கோவை வாசித்தாலும் கடைசியில் ஆமென் சொல்கிற மாதிரியே முடித்தார்.

டான் ரொடோல்ஃபோ வந்தார். கறுப்புக் கோட்டு, எண்ணெயில் படிந்த தலை, மையால் வரைந்த மீசை. பல்லில் ஒரு பன்னீர் ரோஜா. கார்மென் உயரமான, ஒல்லியான பெண், சிவப்புக் கவுன். ஆடினார்கள். நன்றாகத்தான் ஆடினார்கள். எனக்குத் தெரியாது, மார்த்தாதான் சொன்னாள்: "காலெல்லாம் தப்பு, பாபா. ஆனால் அந்த ஆளுக்கு ஆட்டம் உடம்பில் இருக்கிறது."

பன்னீர் ரோஜாவைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆடக்கூடாது. நாலாவது சுற்றில் இதழ்கள் உதிர ஆரம்பித்தன. பாதி தரையில் விழுந்தன. மீதியை அவர் மென்று விழுங்கிவிட்டார். கார்மென் ஓர் இதழில் வழுக்கினாள். அவர் அவளைப் பிடித்துச் சாய்த்தபோது முகம் முதல் வரிசைக்கு நேரே வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சொன்னது எங்கள் மேசைக்கு மட்டும் கேட்டது:

"பாத்து வெய்யி டெய்சி, நகத்த பேத்துட்டியே!"

மார்த்தாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

6

இடைவேளையில் புட்டிங் வந்த அதே நேரத்தில் வாசல் வழியாகச் சப்-இன்ஸ்பெக்டரும் வந்தார். கையில் அந்த லெட்ஜர். நேரே மேடைக்குப் போய், ஹார்மோனியத்தை நிறுத்தச் சொன்னார்.

"இந்தப் பட்டணத்துல இருக்கிற அயல்நாட்டார் எல்லாரும் இதுல இருக்காங்க. அர்ஜென்டினா பக்கத்துல ரெண்டே பேர். டான் ரொடோல்ஃபோன்னு யாரும் இல்ல. இவர் எப்ப வந்தார், எந்தக் கப்பல்ல வந்தார், பாஸ்போர்ட் எங்கே?"

ரொடோல்ஃபோவின் மீசை வேர்வையில் கரைந்து உதட்டுக்கு வந்துகொண்டிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துவிட்டார்.

"செவெரீனோ மூதோ! நல்லதாப் போச்சு. மேல வாங்க. இவர் பாஷை எனக்குத் தெரியாது. நீங்க கேட்டுச் சொல்லுங்க."

ஊமை என்று பெயர் வைத்திருக்கிறவனை மொழிபெயர்க்கக் கூப்பிட்டது சரித்திரத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். போனேன். அந்த மனுஷன் மீசையைத் துடைக்கப் பார்த்து அதைக் கன்னம் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தார். கார்மென் என்கிற டெய்சி அவர் கோட்டின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பாவமாக இருந்தது. எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தேன். என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் எடுத்த தீர்மானங்களில் அதுவும் ஒன்று.

"சகோதரா, பயப்படாதே. உன் பெயர் என்ன?" என்று ஸ்பானிஷில் கேட்டேன்.

அவர் நிமிர்ந்து நின்றார். "ரொடோல்ஃபோ... வியாசர்பாடியோ... பேசின் பிரிட்ஜோ..." என்று ஆரம்பித்து, மூச்சு வாங்கி, "யானைக்கவுனியோ... கருவாடோ!" என்று முடித்துக் கையை மார்பில் வைத்துக்கொண்டார்.

"என்ன சொல்றார்?"

"பேரு ரொடோல்ஃபோவாம் சார். இந்த ஊரு ஜனங்க காட்டற அன்பை மறக்கவே முடியலையாம்."

"கருவாடுன்னு காதுல விழுந்துதே?"

"எங்க பாஷையில சார், கருவாடோன்னா மரியாதைக்குரியவர்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நானும் கருவாடோவா?"

"நீங்க பெரிய கருவாடோ சார்."

முதல் வரிசையில் மார்த்தா மேசைவிரிப்பை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். சப்-இன்ஸ்பெக்டருக்குத் திருப்தி. லெட்ஜரைத் திறந்தார்.

"ஆக, இவர் அர்ஜென்டினாக்காரர்தான்னு நீங்களே சாட்சி. பாஸ்போர்ட் காட்டல, பதிவும் இல்ல. அயல்நாட்டார் சட்டப்படி குத்தம். நடங்க ஸ்டேஷனுக்கு."

நான் இப்படி யோசிக்கவில்லை. ரொடோல்ஃபோ என் கையைப் பிடித்துக்கொண்டு அலறினார்:

"அய்ய நைனா! காப்பாத்துறேன்னு வந்து உள்ள தள்றியே! சார், நான் ஃபாரினும் இல்ல ஒண்ணும் இல்ல சார். புளியாந்தோப்பு சார்! எம் பேரு ரங்கன். எங்கப்பன் புளியாந்தோப்பு, அவங்கப்பனும் புளியாந்தோப்பு! இவ டெய்சி, எம் பொஞ்சாதி, தையல் தெச்சிகினு கீறா!"

 மண்டபம் முழுக்க நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. "ஏமாத்து வேலை!" என்று ஒருவர் கத்தினார். "இன்னாடா, புளியாந்தோப்பு டான்ஸுக்கா நாங்க வந்தோம்?" என்று இன்னொருவர் கத்தினார். யாரோ ஒரு கட்லெட்டை எறிந்தார். அது ஹார்மோனியத்தில் விழுந்தது.

ரங்கன் சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னதெல்லாம் எனக்குக் கேட்டது. சண்டைக் காலத்தில் ஒரு ஹோட்டலில் தட்டு எடுக்கிற வேலை. பட்டாளத்துக்காரர்கள் ஆடுகிறதைப் பார்த்து, சமையல்கட்டில் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு ஆடிப் பழகினாராம். ஹோட்டலை மூடிவிட்டார்கள். "பெங்களூர் டான்ஸு கண்ட்ராக்டரு ரெண்டாவது வரிசையில குந்திகினு கீறாரு சார். பேரு வெள்ளக்காரன் பேரா இருந்தாதான் பாக்கவே வருவேன்னாரு. எனக்கு ஆட்டந்தான் தெரியும் சார். பேரு தெரியாது."

"அதெல்லாம் சரி. ஜனங்களை ஏமாத்தினதுக்கு என்ன சொல்றே? நோட்டீஸ்ல நேரே அர்ஜென்டினாவிலிருந்துன்னு போட்டிருக்கே?"

இந்த இடத்தில் ஆரோக்கியம் நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டார்.

"அல்லாரும் குந்துங்க! ஒரிஜினல் ஆளு மேடையிலயே நிக்கிறாரு! டாங்கோ வாத்தியாரு! எம் மச்சான்! ஆடு மச்சான்!"

முந்நூறு கண்கள் என்மேல் விழுந்தன. ஹார்மோனியக்காரர் கட்லெட்டைத் தட்டிவிட்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டார். ஓடிவிடலாம் என்று காலைத் தூக்கினேன். அதையே முதல் அடி என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள். சரி என்று இன்னோர் அடி வைத்தேன். மூன்றாவது அடியில் மிச்சமிருந்த ரோஜா இதழில் கால் போய், டெய்சியைப் பிடித்து, டெய்சி ரங்கனைப் பிடித்து, ரங்கன் சப்-இன்ஸ்பெக்டரைப் பிடித்து, நாலு பேரும் ஒன்றாகச் சுற்றினோம். லெட்ஜர் மட்டும் கீழே விழவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் அதை உயரத் தூக்கிப் பிடித்திருந்தார்.

மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு குரல் கேட்டது.

"நீ சும்மா குந்து பாபா!"

மார்த்தா மேடைப் படியில் நின்றுகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, ரங்கனுக்கு முன்னால் நின்றாள்.

"இன்னா நைனா, பாத்துகினு கீற? கைய குடு. மூஞ்சிய இப்டி வெச்சிக்காதே. வவுத்த வலியா?"

எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. என் மகள் தமிழ் பேசினாள். அதுவும் மரியாதைக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்கிற குழாயடித் தமிழ். நான் பிறந்து வளர்ந்த தமிழ் அதுதான். பத்தொன்பது வருஷமாக அதை நான் யாரிடமும் பேசியிருக்கவில்லை. முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். பிலோமினா என் புட்டிங்கை என் பக்கம் நகர்த்தினாள். "குழாயாண்ட இவ வாயத் தொறந்தா யாரும் பேச முடியாதுண்ணே. உனக்குத் தெரியாதா?" என்றாள்.

அவர்கள் ஆடினார்கள். மார்த்தா நடுநடுவே "பின்னால போ", "இப்ப நில்லு, நின்னாதான் ஷோக்கு" என்று சொல்லிக்கொண்டே ஆடினாள். ரங்கன் ஒரு தடவை கேட்டதை மறுபடி கேட்கவில்லை. இரண்டாவது பாட்டில் அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். மண்டபத்தில் கரண்டிச் சத்தம்கூட இல்லை. டெய்சி ஓரத்தில் நின்று தன் கால்களால் அதே அடிகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்ததும் சப்-இன்ஸ்பெக்டர் எழுந்தார். லெட்ஜரைத் திறந்து, விரலால் ஒரு வரியைத் தேடினார். மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தார்:

"மார்த்தா மூதோ. தேசம், அர்ஜென்டினா. பதிவு, சரி." பிறகு நோட்டீஸை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நேரே அர்ஜென்டினாவிலிருந்து டாங்கோ. சரியாத்தான் இருக்கு. குத்தம் ஒண்ணும் இல்ல." லெட்ஜரை மூடினார். "அந்தப் புட்டிங் இன்னும் இருக்கா?"

7

அதற்குப் பிறகு நாங்கள் ஊரில் இருந்தது மூன்று வாரம். ரங்கனும் டெய்சியும் தினமும் புளியாந்தோப்பிலிருந்து பிலோமினா வீட்டுக்கு வந்தார்கள். மார்த்தா அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். இசைக்கு ஆரோக்கியம் வாயாலேயே துருத்திப் பெட்டி மாதிரி சத்தம் போட்டார். ஆரோக்கியத்துக்கு அவ்வளவு பொருத்தமான வேலையை நான் பார்த்ததில்லை. பெங்களூர் கண்ட்ராக்டர் அவர்களை எடுத்துக்கொண்டார். பெயரை மட்டும் 'மதராஸ் ரங்கன் - டெய்சி' என்று மாற்றிக்கொள்ளச் சொன்னாராம். அன்றைக்கு மண்டபத்தில் அவ்வளவு சிரித்தது தன் வாழ்நாளிலேயே இல்லை என்றும் சொன்னாராம். அது என் ஆட்டத்தைப் பற்றியது என்று ரங்கன் தயங்கித் தயங்கி எனக்கு விளக்கினார்.

இங்கே திரும்பி வந்ததும் மார்த்தா மறுபடி இந்த ஊர்க்காரி ஆகிவிட்டாள். சினேகிதிகள், வானொலி, பெருமூச்சு எல்லாம் பழையபடி வந்துவிட்டன. கோபம் வந்தால் மட்டும் தமிழ் வருகிறது. போன மாதம் தெலியாவைப் பார்த்து "பேஜாரு பண்ணாதம்மா" என்றாள். தெலியா என்னை அர்த்தம் கேட்டாள். நான் ஊமையாக இருந்துவிட்டேன்.

போன வாரம் ரங்கனிடமிருந்து கடிதம் வந்தது. கோலார் பக்கம் ஆடிக்கொண்டிருக்கிறார்களாம். நன்றாக இருக்கிறார்களாம். அதில் மார்த்தாவுக்கு ஒரு கேள்வி எழுதியிருந்தார். நான் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

'டீச்சரம்மா, இத்தினி நாளா அழுவுற மூஞ்சி வெச்சிகினு ஆடுறோம். அந்தப் பாட்டுல இன்னாதான் சொல்றாங்க? ஏன் அழுவுறாங்க?'

மார்த்தா நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு தமிழிலேயே சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன்:

"பாதி பாட்டு காதலு. மீதி பாட்டு, கப்பல்ல வந்தவங்க ஊர நெனச்சி அழுவுறாங்கோ."

அவ்வளவுதானா என்று கேட்டேன். ரங்கன் திருப்பிக் கேட்பாரே, அப்படி அழுகிறவர்கள் பேசாமல் திரும்பிப் போய்விட வேண்டியதுதானே என்று. இதை நான் ரங்கனுக்காகத்தான் கேட்டேன்.

மார்த்தா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அதுக்கும் பதில் எழுது பாபா. அங்க போனா இந்த ஊர நெனச்சி அழுவாங்கோ. அதுக்கு வேற பாட்டு கட்டணும்."

எழுதி, உறை ஒட்டி, காலையில் வேலைக்குப் போகிற வழியில் தபாலில் போட்டேன்.